அமெரிக்கா விட்டாலும்

"அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ" என்று சிசிலி சொல்லி வாய் மூடுவதற்குள் அருமைராசா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். ஆனாலும் எலிசா கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் வருடக்கணக்காகப் படுக்கை விரிப்புத் தோய்க்கிறவளுக்குப் பிரெஞ்சுச் செய்தி விளங்காமல் போகுமா? எச்.ஐ.வி. உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக அமெரிக்கா வைத்திருந்த தடையை எடுக்கிறார்களாம். தை மாதத்திலிருந்து போகலாமாம்.

அன்று எலிசாவின் செத்துப்போன கணவன் அன்டனின் ஏழாம் ஆண்டுப் பூசை. கோயிலில் பூசை முடிந்து, மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் அன்டனின் தமையன் அருமைராசாவின் பெரிய வீட்டில் சாப்பாடு. சுவரில் அன்டன் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். வந்த சனத்துக்கெல்லாம் பூப்போட்ட பீங்கான் தட்டு. எலிசாவுக்கு மட்டும் கடதாசித் தட்டு, பிளாஸ்டிக் கப்.

"கழுவுற வேலை மிச்சம்" என்பாள் அருமைராசாவின் மனைவி சிசிலி. மற்ற எல்லாத் தட்டையும் அவள்தான் கழுவுகிறாள். அந்த வேலை மட்டும் மிஞ்சுவதாகத் தெரியவில்லை.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும், பிள்ளைகளே. அந்த எச்.ஐ.வி. வருத்தத்தை எலிசாவுக்குக் கொடுத்தவன் சுவரில் இருந்தவன். ஊரை விட்டு வெளிக்கிட்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் நிறுத்தி வைத்த நாடுகளில் எல்லாம் நின்று, ஒருவழியாகக் கனடா வந்து சேர்ந்தபோது அவனோடு அதுவும் வந்தது. சாகும்வரை அவன் வாய் திறக்கவில்லை. இதே மேசையில் இருந்து, பக்கத்துத் தட்டு எலும்பையும் எடுத்துச் சூப்பியவன். அவனுக்கு ஈரல் பழுது என்று குடும்பம் ஊருக்குச் சொன்னது. செத்தவனுக்கு மாலை, மருந்து குடித்துப் பிழைத்துக் கிடப்பவளுக்குக் கடதாசித் தட்டு.

"அத்தான், தடையை எடுக்கினமாம்" என்றாள் எலிசா. "அப்ப நான் என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்கு அமெரிக்கா வரலாம்."

அருமைராசா இறைச்சித் துண்டு ஒன்றை மிகக் கவனமாகப் பிய்த்தார். "நியூஸிலை சொல்லுறதெல்லாம் நடக்கிறதே? அதுக்கு இன்னும் காலம் கிடக்கு."

"தை மாதம் எண்டு சொன்னவங்கள். கலியாணமும் தை கடைசியிலைதானே."

"உமக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது எலிசா" என்று சிசிலி குறுக்கே விழுந்தாள்.

"மொன்றியலை விட நியூ ஜேர்சி சூடெல்லோ?" என்றார் விருந்துக்கு வந்திருந்த பேரின்பநாதன். பாவம், அவர் குசும்புக்குச் சொல்லவில்லை. சிசிலி அவருடைய தட்டில் இன்னொரு அகப்பை சோற்றைப் போட்டு வாயை அடைத்தாள்.

அமெரிக்கக் கதை இந்தக் குடும்பத்தில் ஆறு வருடப் பழசு. நியூயோர்க்கில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் முதல் நன்மைப் பூசைக்கு எல்லாரும் வான் வண்டி ஒன்றில் போனார்கள். எல்லையில் எலிசாவின் பையில் மருந்தைக் கண்டு, சட்டத்தைச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். அருமைராசா வானைத் திருப்பிக்கொண்டு வந்து, எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில் அவளை இறக்கி, "பஸ்ஸைப் பிடிச்சுப் போம்" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்விட்டார். நன்மைச் சாப்பாடு ஆறிவிடும் அல்லவா? அந்தக் கிழமையே, "பிள்ளைக்குத் தொத்திப்போடும்" என்று மகள் றொஷினியையும் இல்-பிசாருக்குக் கொண்டுபோனார்கள். எலிசா மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஓர் அறைக்குள் தனித்துப்போனாள்.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்கு அமெரிக்காவில் பெரிய ஆசை பிறந்தது. பிறந்தநாளா, அங்கே. நிச்சயதார்த்தமா, அங்கே. பெண்வீட்டுப் பங்குக் கோயிலில் நடக்க வேண்டிய கலியாணத்தைக்கூட மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்காமலே நியூ ஜேர்சிக்குத் தள்ளிவிட்டார் அருமைராசா. தாய் வரவில்லையா என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது: "பேப்பர் பிரச்சினை, அவங்கள் விடுறாங்கள் இல்லை." ஒரு வல்லரசே தங்கள் வீட்டுக் கதவுக்குக் காவல் நிற்கும்போது இவர்களுக்கு என்ன குறை? அந்தக் காவலாளிதான் இப்போது வேலையை விட்டுப் போகிறான்.

சனம் போனதும் அருமைராசா குரலை இறக்கினார். "அமெரிக்கா விட்டாலும் ஆக்கள் விடுவினமே? மாப்பிள்ளை பகுதி கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

"செத்துப்போன தம்பியின்ரை பேரை நாறடிக்கச் சொல்லுறீரோ?"

"உங்கடை தம்பியின்ரை பேர் மாலையோடை தொங்குது அத்தான். என்ரை பேரைத்தான் ஒரு இடத்திலையும் காணேல்லை."

றொஷினி தாயைப் பஸ் தரிப்பிடம்வரை கூட்டிவந்தாள். அந்தத் தீவில் பஸ் வருவதே அருமை. கதைக்க நேரம் இருந்தது.

"அம்மா, கலியாணம் முடியட்டும். பேந்து நானும் றொக்சனும் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறம்."

"மாப்பிள்ளைக்கு என்ரை வருத்தம் தெரியுமோ?"

"பேந்து சொல்லுவன்."

கெட்ட பிள்ளை இல்லை அவள். பேந்து, பேந்து என்று சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

"நான் வாறது உனக்கு விருப்பமோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. றொஷினி தாயின் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "விருப்பம் அம்மா. ஆனா நான் சொன்னனெண்டு பெரியப்பாவிட்டைச் சொல்லாதேங்கோ."

எலிசாவுக்கு அது போதும்.

தை மாதம் பிறந்தது, தடையும் போனது. கலியாணத்துக்கு முதல்நாள் எலிசா நியூயோர்க் பஸ்ஸில் ஏறினாள். எல்லையில் எல்லாரையும் இறக்கினார்கள். ஏன் போகிறாய் என்று கேட்டான் சீருடைப் பொடியன். மகளின் கலியாணம் என்றாள். பையைத் திறந்து மருந்தைப் பார்த்தான், இருந்த இடத்திலேயே வைத்தான். "வாழ்த்துகள் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கடவுச்சீட்டை நீட்டினான்.

கலியாணம் பேசி முடித்த நாளிலிருந்து அவளுக்கு வாழ்த்துச் சொன்ன முதல் மனிதன் அவன்தான்.

மறுநாள் கோயில் வாசலில் அருமைராசா புதுக் கோட்டும் சூட்டுமாக நின்று சனத்தை வரவேற்றுக்கொண்டிருந்தார். படியேறி வந்த எலிசாவைக் கண்டதும் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"எப்பிடி வந்தனீர்?"

"பஸ்ஸிலை."

"அவங்கள்... விட்டவங்களோ?"

"அவங்கள் விட்டிட்டாங்கள் அத்தான். இப்ப நீங்கள்தான் வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

மாப்பிள்ளையின் தாய் றெபேக்கா கிட்ட வந்தாள். "இவ ஆர், அருமைராசா அண்ணை?"

"இது... எங்கடை ஊர்ப் பக்கம்..."

"நான் றொஷினியின்ரை தாய்" என்றாள் எலிசா. "எலிசா எண்டு பேர்."

"அட, பேப்பர் எல்லாம் சரிவந்திட்டுதோ?"

"என்ரை பேப்பர் ஒருநாளும் பிழைச்சதில்லை. எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, அதுக்குத்தான் இவ்வளவு நாளும் விடேல்லை. என்ன வருத்தமெண்டு கேளுங்கோ, ஒளிக்காமல் சொல்லுறன். ஆனா முதல் என்ரை பிள்ளையின்ரை பூசையைப் பாக்க விடுங்கோ."

றெபேக்கா எலிசாவைப் பார்த்தாள். பிறகு வேர்த்துப்போன அருமைராசாவை அதைவிட அதிக நேரம் பார்த்தாள். "உள்ளை வாங்கோ. சுவாமியார் பூசைக்கு வெளிக்கிட்டிட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

முன்வரிசையில் பெண்ணின் தாய்க்குரிய இடத்தில் சிசிலி பட்டுச்சேலையோடு இருந்தாள். பக்கத்து இடத்தில் அவளுடைய கைப்பை இருந்தது. கனத்த, பொன்நிறக் கொளுவி வைத்த பை. எலிசா அதைத் தூக்கி அவளிடம் நீட்டினாள்.

"இந்தாங்கோ அக்கா, உங்கடை பை."

சிசிலி அதை வாங்கவில்லை. எலிசாவின் விரல்கள் பட்ட பிடியைப் பார்த்தாள்; கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். அமெரிக்காவுக்கு விளங்க இருபத்திரண்டு வருடம் எடுத்தது. சிசிலிக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பாடல் தொடங்கியது. எலிசா பையை நிலத்தில் வைத்தாள். மகள் உள்ளே வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பை இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.