முழு மனச்சம்மதம்

“உனக்குப் படிக்கத் தெரியுமா பாப்பா?” என்று வக்கீல் என்னைக் கேட்டார். அது முதல் நாள். இல்லையென்று தலையாட்டினேன். தெரியும் என்றால் எதுவரைக்கும் என்பார். எட்டாவது என்றால் ஏன் நின்றாய் என்பார். ஒரே தலையாட்டலில் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. வெளி ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழாது என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

அக்காவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். மாமாவோடு வாழ முடியாமல் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். தையல் கம்பெனியில் வேலை. விடிந்து போனால் இருட்டித்தான் வருவாள். பகலெல்லாம் குழந்தை என்னிடம். மகள் தன்னிடம்தான் வளர வேண்டும் என்று மாமா கோர்ட்டில் மனுப் போட்டிருந்தார்.

“எம் புள்ள எங்கிட்டயே இருக்கணும் சார். வேற ஒண்ணும் கேக்கல” என்றாள் அக்கா.

வக்கீல் நாலு வெற்றுத்தாள்களை நகர்த்தி அடிப்பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். “ஒவ்வொரு கையெழுத்துக்கும் லீவு போட்டுட்டு ஓடி வருவீங்களாம்மா? இப்பவே போட்டு வச்சிடுங்க.” அதை அவர் கனிவாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அவள் அலைச்சலைப் பற்றி அதுவரை யாரும் யோசித்ததில்லை.

அறை ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே மெஷின் ஓடினால் மேலே மேசைக் கண்ணாடி அதிரும். பெஞ்சில் எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். பக்கத்து வீட்டுச் சுவர் தகராறு. “நான் மொதல்ல வந்தப்ப மீச கறுப்பு. எதிராளி செத்தே போயிட்டான். இப்ப அவன் மகனோட நடக்குது” என்று சிரிப்பார். வக்கீல் எப்படி என்று அக்கா கேட்டதற்கு, “தங்கமான மனுசன். நம்மள ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டாரு. எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாரு” என்றார்.

ஏழு வாய்தா போனது. எட்டாவது அன்று அக்கா வக்கீலோடு எதிரே இருந்த கோர்ட்டுக்குள் போனாள். வக்கீல் அறை பெஞ்சில் குழந்தை என் மடியில் தூங்கியது. குமாஸ்தா நகல் கட்டு ஒன்றை என் முன்னாலேயே பிரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.

மேல் தாளில் அக்காவின் கோணல் கையெழுத்து. அதற்கு மேலே டைப் அடித்திருந்தது: நான் வேலைக்குச் செல்லும் நேரத்தில் குழந்தையைக் கவனிக்க எழுதப் படிக்கத் தெரியாத என் தங்கை மட்டுமே இருப்பதாலும், குழந்தையின் கல்வியைக் கருதியும், அதன் தந்தையிடமே ஒப்படைக்க முழு மனதோடு சம்மதிக்கிறேன்.

இரண்டு முறை படித்தேன். குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

கோர்ட் படிகளில் அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பல நாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது. “முடிஞ்சிடுச்சுடி. இனிமே அலைய வேணாமாம். சம்மதமான்னு ஜட்ஜ் ஐயா கேட்டாரு. எது கேட்டாலும் சம்மதம்னு சொல்லுங்கன்னு சார் சொல்லியிருந்தாருல்ல, சொல்லிட்டேன்.”

நான் சொன்னேன். தாளில் இருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பின்னால் வந்த வக்கீல் நின்றுவிட்டார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும் சார். எட்டாவது.”

“அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பாப்பா.” குரலில் கோபமில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “அந்தக் காரணம் இல்லன்னாலும் வேற ஒண்ணு வந்திருக்கும். அவங்க பக்கம் சொந்த வீடு, வீட்ல எப்பவும் ஆளு. நின்னு தோத்தா மாசம் ஒரு தடவ பாக்கறதுகூடக் கிடைக்காதும்மா. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிடவான்னு போன வாய்தால கேட்டேன். ‘நீங்க பாத்துச் செய்யுங்க சார்’னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன் சார்” என்றாள் அக்கா.

“மாத்த முடியாதா சார்?” என்றேன் நான்.

“பதிவாயிடுச்சு. இன்னிக்கே ஒப்படைக்கணும்னு இருக்கு.” வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமா கீழ்ப்படியில் நின்றிருந்தார். சட்டையில் தேய்த்த மடிப்பு கலையவில்லை. அவரும் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது பாதித் தூக்கத்தில் அவள் தோளில் முகத்தைப் புதைத்தது. ஓடி வந்ததில் ஒரு செருப்பு எங்கோ விழுந்திருந்தது. அக்கா அந்த வெறும் காலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு இன்னொரு காலின் செருப்பையும் கழற்றித் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். இரண்டு படி இறங்கிக் குழந்தையை மாமாவின் கையில் கொடுத்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், பஸ் நிற்கும் இடத்தையும் தாண்டி நடந்து போனாள்.