குரோம் தின்ற கை

என் வீட்டுக்காரர் மீரான் தன் இரண்டு கைகளையும் கம்பெனி நர்ஸின் மேஜை மேல் வைத்தபோது நான் பெருமையாகத்தான் நின்றிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷம் குரோம் கலந்தவர். அந்த ரசாயனம் அவர் விரல் மூட்டுகளைக் குழி குழியாகத் தின்று வைத்திருந்தது. எங்கள் பக்கத்து ஷாப்புகளில் மேஸ்திரி அனுபவமெல்லாம் கேட்க மாட்டார். கையைத் திருப்பிப் பார்ப்பார், வேலை கொடுப்பார். குழி எத்தனையோ அத்தனை மரியாதை.

குரோம் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்து, எங்கள் ஷாப்புக்குச் சீல் வைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்று எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு ஆள் எடுக்க வருகிறது என்றதும், இவர் கைக்கு வேலை இல்லாமல் போகுமா என்று நம்பி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். ஏழு வயது மகள் நர்கீஸுக்கு டீசியும் வாங்கியாயிற்று. மண்டபத்து வாசலில் மூட்டைகளோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனி நர்ஸ் நான்சி கைகளைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"அண்ணே, உங்கள எடுக்க முடியாது."

"நல்லாப் பாருங்கம்மா. பதினெட்டு வருஷச் சர்வீஸு." மீரான் விரல்களை இன்னும் விரித்துக் காட்டினார்.

"அதுனாலதாண்ணே முடியாது. குரோம் புண்ணு உள்ளவங்களச் சேக்கக் கூடாதுன்னு இப்ப ரூல்ஸு. இன்னும் பட்டுச்சுன்னா எலும்பு வரைக்கும் போயிரும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இம்புட்டு வருஷமா இந்தக் கையி இப்பிடித்தான இருக்கு! அப்ப ஒரு நாயாச்சும் வந்து கேட்டுச்சா? சோத்துல மண்ணள்ளிப் போடத்தான் அக்கறை வருதாக்கும்?"

நான்சி தலை குனிந்தாள். அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

பக்கத்தில் நின்ற ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். "பேக்கிங்குக்குப் பொம்பளையாளு வேணும். குரோம் பக்கமே போக வேணாம். ஆனா லேடீஸ் ஹாஸ்டல்தான், பிள்ளைகளக் கூட்டிட்டு வர முடியாது. சாயங்காலம் பஸ்ஸு."

"மாட்டேன். வாங்க மச்சான், போவோம்."

"எங்க போறது சபிஹா?"

மீரான் கைகளை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

"எழுதிக்கங்கம்மா," என்றார். "சபிஹா. வயசு முப்பத்திரெண்டு. நர்கீஸ நான் எங்க அக்கா வீட்ல வச்சுப் பாத்துக்கிறேன்."

நர்கீஸிடம் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பஸ் வந்ததும் அவள்தான் முண்டியடித்து முதலில் ஏறினாள். மூன்று பேர் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, "அத்தா, இங்க வாங்க!" என்று மீரானைப் பார்த்து ஜன்னல் வழியே கத்தினாள். நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அலறிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நான்தான் கீழே இறக்கிவிட்டேன்.