அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால்

1

இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்தது இலக்கியத்துக்காக அல்ல, அக்காவைப் பயமுறுத்துவதற்காக. அக்கா கிருமி ஆய்வாளர். காற்றுகூட அனுமதி வாங்கித்தான் வெளியே போக வேண்டிய உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அங்கே இருப்பதெல்லாம் ஆளைக் கொல்லும் கிருமிகள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நேரில் "வேண்டாம்" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கதையாக எழுதி, அவள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'வியர்வையைத் துடைக்க அவள் கையுறையைக் கழற்றியபோது, விரல் நுனியில் ஒரு—'

(இங்கே சிவப்பு மை. ஓரத்தில் அக்காவின் கையெழுத்து: "தலையிலருந்து கால் வரைக்கும் கவச உடை. வியர்வையை எங்கடா துடைப்பா?")

இரண்டாம் தொடக்கம்: 'அவளுடைய கடைசிக் குறிப்பு தம்பியின் கைக்கு வந்தபோது—'

("உள்ள போன காகிதம் வெளிய வராது. நான் வெளிய வரவே உடையோட ஒரு குளியல், உடையில்லாம ஒரு குளியல்.")

மூன்றாவதில் ஊரையே அழித்தேன். அதற்கு ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: "இதுல 'துயரம்' அஞ்சு தடவை வருது."

மூன்று முறை கொன்றும் ஆள் அசையவில்லை.

3

இந்தப் பாத்திரம் சரியில்லை என்று தோன்றியது. அவளுக்கு ஒரு காரணமாவது வேண்டாமா? நேராகக் கேட்டேன்.

"இப்ப சந்தேகமான ரத்தம் வந்தா பெட்டியில அடைச்சு வேற ஊருக்கு அனுப்புறோம். ரிசல்ட் வர பதினோரு நாள். அந்தப் புது லேப்ல ஆள் இருந்தா இங்கயே சீக்கிரம் பாத்துடலாம். போன மாசம் ஒருத்தரோட ரிசல்ட் வந்துச்சு. சொல்றதுக்கு போன் பண்ணேன். அவரு பொண்ணு எடுத்தா. அப்பா போய் ஒரு வாரம் ஆச்சுன்னா."

இதற்கு என்ன வசனம் எழுதுவது? பேனாவை மூடி வைத்தேன். (கணினியில்தான் எழுதுகிறேன். பேனா என்றால் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறது.)

4

பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். வீட்டில் உடனிருப்பவர் கையெழுத்திட வேண்டுமாம். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நான் பக்கத்து டாக்டரிடம் ஓடக் கூடாது, அவளைத் தொடக் கூடாது. அறைக் கதவைச் சாத்திவிட்டு முதலில் ஆய்வுக்கூடத்தைத்தான் அழைக்க வேண்டும்.

"உன்னால முடியும்னா போடு. நீ போட்டாதான் நான் போவேன்."

"இதென்ன பெரிய விஷயம்?" என்றேன்.

மறுநாள் காலை வெப்பமானியைக் காட்டினாள். நூற்று இரண்டு. (வெந்நீரில் முக்கியிருக்கிறாள். பிறகுதான் தெரிந்தது.) ஒரே எட்டில் போய் நெற்றியில் கை வைத்தேன். மறு கையால் அம்மாவுக்கு போன் போட்டேன். காலால் செருப்பைத் தேடினேன்.

"நெத்தி சில்லுன்னு இருக்கே?"

"கை வெச்சுட்ட பாத்தியா? அங்கயே போச்சு." விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "டேய், என்னைத் தொட்டா அடுத்த ஆள் நீ. கிருமிக்கு நான் பயப்படல. உனக்குத்தான் பயப்படுறேன்."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

5

இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். நான் கையெழுத்துப் போடாத முடிவில், யாரோ ஒரு மகள் பதினோரு நாள் காத்திருக்கிறாள். போடுகிற முடிவில், அக்கா ஒவ்வொரு முறை தும்மும்போதும் நான்— (இதற்குமேல் ஓடவில்லை.)

இப்போது அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் ஒத்திகை. "காய்ச்சல்டா, மூச்சு வாங்குது" என்கிறாள். நடிப்பு என்று தெரியும். அழைக்க வேண்டிய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. என் கையோ தாழ்ப்பாளில் இருக்கிறது.

வாசகரே, கொஞ்சம் இப்படி வாருங்கள். என் இடத்தில் நில்லுங்கள். உங்களுக்கு அவள் அக்கா இல்லை, அதனால் சுலபம் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருமுகிறாள். பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்றே கூப்பிட்டவள், இப்போது "தம்பி" என்கிறாள்.

முடிவை நீங்களே எழுதுங்கள். கதவைத் திறக்காமல்.