எலுமிச்சம்பழமும் கூடாரமும்

ரெம்பாவ் மலையடிவாரத்தில் காரின் பின்கதவைத் திறந்தால் சோறு, மிளகாய்ச் சம்பல், பொரித்த நெத்திலி, பாய் எல்லாம் இருந்தன. கூடாரம் மட்டும் இல்லை.

"ராத்தங்க வந்துட்டு கூடாரத்தையே மறந்துட்டு வந்திருக்கீங்களே, உங்கள என்ன சொல்றது லா!" என்று கணவர் குணாளனைப் பொரிந்து தள்ளினேன்.

மகள் லோகேஸ்வரிதான் கிளம்பும்போது எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினாள். அதில் நான் குனிந்து, கார் நசுக்கிக்கொண்டு போக சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறேன். அதற்காக நான் கையிலிருந்து கீழே இறக்கி வைத்த கூடாரப் பை என் பக்கத்திலேயே கிடக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்து மூவரும் சாப்பிட்டோம். அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி சம்பல் வைத்தார்.

"பழம் வெச்சது நல்லதாப் போச்சு. வழியில ஒன்னும் ஆகல பாரு," என்றார்.