பச்சையாகத் தெரிந்த கருவிழி

லேசர் கண் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ‘மெஷின் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களின் கருவிழி எப்படி வளைந்திருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, “இமைக்காதீங்க” என்பாள். திரையில் கருவிழி ‘மேப்’ என்ற வண்ணப் படமாக விரியும். ஒழுங்கான வளைவு பச்சை. புடைத்துக்கொண்டு வரும் இடம் சிவப்பு.

பெரிய டாக்டருக்குச் சிவப்பு என்றாலே ஆகாது. “பேஷன்ட் பயந்துடுவாங்கம்மா” என்று, நிற அளவுகோலை அகலமாக்கச் சொன்னார். கொஞ்ச நஞ்சப் புடைப்பெல்லாம் அப்போது பச்சையிலேயே அடங்கிவிடும். ஒரே ஒரு பொத்தான்தான், அக்காதான் அழுத்தினாள். அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் கெட்டுப்போன கண்ணே கிடையாது. நோயை விட்டுவிட்டு நிறத்துக்கு வைத்தியம் பார்த்த மகானுபாவர்! வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பச்சை வட்டங்கள். பெற்ற பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்ப்பதுபோல் அவற்றைப் பார்த்துப் பூரித்துப்போவார்.

ஆறாம் மாதப் பரிசோதனைக்கு அக்காவின் தம்பி வந்தான். தையல்காரன். அக்கா இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் இங்கே ஆபரேஷன் செய்துகொண்டான்.

“வலது கண்ணுல ஊசிக்கு ரெண்டு காது தெரியுதுக்கா. நேத்து விரலையே தைச்சுக்கிட்டேன்.”

அளந்தாள். பச்சை. டாக்டர் எட்டிப் பார்த்தார். “மேப் அருமையா இருக்கே! உங்க கண்ணுதான் இன்னும் மேப்புக்குப் பழகல. போகப் போகச் சரியாயிடும்.”

தம்பி தலையாட்டினான். டாக்டரே சொல்லிவிட்டார், ஊசிதான் பொய் சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் நகர்ந்ததும் அளவுகோலைக் குறுக்கினாள். கருவிழியின் கீழ்ப்பாதி செக்கச்செவேலென்று கிளம்பியது. முதல் மாதப் படத்தையும் திறந்து மாற்றிப் பார்த்தாள். அதே இடத்தில் மிளகளவு சிவப்பு.

“டாக்டர் நல்லாருக்குன்னாரே, நீ ஏன்க்கா அழற?”

“கருவிழி மெலிஞ்சு முன்னால தள்ளுதுடா. இன்னிக்கே வேற ஆஸ்பத்திரிக்குப் போறோம். மேல தள்ளாம நிறுத்த வைத்தியம் இருக்கு. ஆனா கெட்டது கெட்டதுதான்.”

“முன்னாடியே பிடிச்சிருந்தா?”

“அங்கயே நிறுத்தியிருக்கலாம்.”

“முதல் மாசம் யாருக்கா அளந்தது?”

“நான்தான்” என்றாள். “எல்லாம் பச்சை, போய் நிம்மதியா தைடான்னு சொன்னதும் நான்தான்.”