ஜிப் வைத்த கவர்

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றைக்கே என்னைக் கட்டிய மாப்பிள்ளை உதுமான் அதற்கு ஒரு பிளாஸ்டிக் கவர் தைத்துவிட்டார். சும்மா கவர் இல்லை. பின்னால் ஜிப், ஓரமெல்லாம் நீலப் பைப்பிங், இழுத்துப் பிடித்த தையல். அவருக்குத் தாராவியில் பை தைக்கிற பட்டறை. அங்கே சரக்கை மால் என்பார்கள். கவர் போடாத மால் கடைக்குப் போகாது. கவரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், வியாபாரி மூக்கைச் சுளித்து விலையைக் குறைத்துவிடுவான். நிக்காஹ் முடிந்த புதிதில் வாங்கிய மெத்தையிலேயே பிளாஸ்டிக்கை உரிக்க விடாத மனுஷன் இவர். புரண்டு படுத்தால் சந்து முழுக்கக் கேட்கும். வெட்கம் தாங்காமல் நானே ஒரு நாள் பிய்த்துப் போட்டேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நாற்காலி எங்கள் மகள் அதீபாவுக்கு. ஒன்பது வயது. பிறந்ததும் அழவில்லை, மூளைக்குக் காற்று போகவில்லை என்றார்கள். எல்லாம் புரியும், மெதுவாகப் பேசுவாள். கழுத்தும் இடுப்பும்தான் சொன்னபடி கேட்காது. இத்தனை நாளும் என் இடுப்புதான் அவளுக்கு நாற்காலி. இப்போது தூக்கினால் அவள் கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. சயான் பக்கம் ஒரு ஸ்கூலில் அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுக்கப் போட அவர்களிடம் இடமும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை.

செம்பூரில் ஒரு டிரஸ்ட், குழந்தைகளுக்கென்றே குறைந்த விலையில் நாற்காலி செய்து கொடுக்கிறது. அங்கே பானுமதி மேடம் அதீபாவின் தொடை, முதுகு, முழங்கால் எல்லாம் அளந்தார். அந்த அளவுக்கு நாற்காலி மெத்தையில் பின்பக்கமாக ஒரு குழி வெட்டினார்கள். "இந்தக் குழியிலதான் இவ இடுப்பு உக்காரணும். அப்பதான் முன்னால சரியாம இருப்பா," என்றார் மேடம். நான் தலையாட்டினேன். இவரும் ஆட்டினார்.

வீட்டில் பார்த்தால் பிள்ளை உட்காரவே இல்லை. வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வழிந்து இறங்கி, முகவாய் நெஞ்சில் இடிக்கக் கிடப்பாள். தூக்கி வைத்தேன், மறுபடி இறங்கினாள். துப்பட்டாவால் கட்டிப் பார்த்தேன், அக்குள் சிவந்து போயிற்று. "கொஞ்சம் முயற்சி பண்ணேன்ட்டி," என்று அவளைத்தான் அதட்டினேன். பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு முயற்சி பண்ணினாள். இவள் உட்காராவிட்டால் ஸ்கூல் இல்லை. ஸ்கூல் இல்லாவிட்டால் இந்தப் பாய்தான், இந்தச் சுவர்தான், என்னைக்கும்.

ஸ்கூலில் வந்து காட்டச் சொன்ன நாளுக்கு முந்தின மத்தியானம், பக்கத்து வீட்டு மதீனா லாத்தா, எனக்கு அக்கா மாதிரி, வந்தாள். எங்கள் வீட்டில் நாற்காலி என்று இருப்பது அது ஒன்றுதான். லாத்தாவோ ஒல்லிக்குச்சி. அதீபா பாயில் கிடந்ததால் யோசிக்காமல் அதில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து கால் வைக்கிற தட்டில் நின்றாள்.

"ஏட்டி சாயிரா, இது என்னது, வழுக்குமரமா? எனக்கே இருக்க முடியல. பச்சப்பிள்ள எப்படிட்டி இருப்பா?"

அதீபா கெக்கெக்கே என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கவர் மேல் கையை வைத்து அழுத்தினேன். உள்ளே குழி இருந்தது. மேலே இவருடைய கவர் விறைப்பாக, தட்டையாக நின்றது.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், "கவரைக் கழட்டணும்," என்றேன்.

"கழட்டப்படாது. அழுக்காயிரும்."

"ஆனா ஆகட்டும். கடைக்கு அனுப்புற மாலா இது? வழுக்கி வழுக்கி விழுறா பிள்ள. நாளைக்கு ஸ்கூல்ல போய் என்னத்தக் காட்ட?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "திருப்பிக் குடுக்கும்போது புதுசா இருக்கணும்லா," என்றார்.

"யாருக்குத் திருப்பிக் குடுக்கப் போறீங்க?"

"டிரஸ்டுக்குத்தான். இவ நடக்க ஆரம்பிச்சிட்டா, வேற ஒரு பிள்ளைக்கு ஆகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நடக்க மாட்டாள் என்று சொன்னபோது இவரும் என் பக்கத்தில்தான் நின்றார். வரும் வழியில் மாஹிமில் இறங்கி டீகூடக் குடித்தோம். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. மனசுக்குள் இதைத்தான் வைத்திருந்தாரா? அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

பாயிலிருந்து அதீபாதான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, "வாப்பா... கழட்டுங்க... ஸ்கூலுக்குப் போணும்," என்றாள்.

அவர் நாற்காலியைத் திருப்பி ஜிப்பைத் திறந்து கவரை உருவினார். அடியில் டிரஸ்டில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக்கும் இருந்தது. அதையும் உரித்தார். உள்ளே கருநீலத் துணி, புத்தம் புதுசு. அதீபாவைத் தூக்கி அவரே உட்காரவைத்தார். அவள் இடுப்பு குழிக்குள் இறங்கி நின்றது. பெல்ட்டைப் போட்டார். கழுத்து கொஞ்சம் ஆடியது, பிறகு நின்றது. அவள் இறங்கவில்லை.

முன்னால் பலகையைப் பொருத்தி, சோற்றில் பருப்பைப் பிசைந்து தட்டை வைத்தேன். ஊட்டவில்லை. அவளே கையை நீட்டினாள். பாதி வாய்க்குப் போனது, பாதி மடியில் விழுந்தது. எல்லாப் பிள்ளைகளையும் போல, கையைப் பக்கத்தில் மெத்தை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

இவர் எழுந்தார். துடைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கவரை நாலாக மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஜிப்பைக் கடைசிவரை மூடினார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, பரணில் பெருநாள் துணிகளுக்கு அடியில் அதை வைத்தார். இறங்கி வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

அதீபா அடுத்த கவளத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கருநீலத் துணியில் மஞ்சளாக அவளுடைய நாலு விரல் தடம்.