முதல் குரலுக்கு ஓம்

என் மனுசனை ஒரு தரம் கூப்பிட்டால் காது கேட்காது. "இஞ்சாருங்கோ, சாப்பாடு போட்டாச்சு" என்று குசினிக்குள் நின்று மூன்றாம் தரம் கத்தினால்தான் "ஓம், வாறன்" என்று சத்தம் வரும். கலியாணமான புதிதில், செவிடனையா என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அழுதிருக்கிறேன். பேந்துதான் விசயம் சொன்னார். அவர் பிறந்த பேசாலையில் கடலோரச் சனம் முதல் குரலுக்கு ஓம் என்று பதில் சொல்லாதாம். கடலில் செத்தவர்கள் ஒரு தரம்தான் கூப்பிடுவார்களாம். உயிருள்ள ஆள் என்றால் மூன்று தரமும் கூப்பிடுமாம்.

"இந்த மொன்றியல் பியர்பொன்ட்ஸில எந்தக் கடலப்பா கிடக்கு?" என்று ஏசுவேன். சிரிப்பார். பழக்கத்தை மட்டும் விடமாட்டார். வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது. இவ்வளவு வருசத்தில் ஒரு நாளாவது அந்தப் பக்கம் போனதில்லை.

2006 மாசியில் மார்த்தினிக் தீவுக்குப் போனோம். மொன்றியல் குளிர் என் முழங்காலைத் தின்றுகொண்டிருந்ததால் நான்தான் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அங்கே போயும் அவர் நீச்சல் குளத்தைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அறைக்குள் இருந்து தொலைக்காட்சி பார்த்தார். திரும்புவதற்கு முதல் நாள் காலை தானாகவே எழும்பி, "மற்றப் பக்கக் கடலைப் பாத்திட்டு வருவம்" என்றார். எனக்குச் சந்தோசம். விசரி நான், அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

டாக்சிக்காரன் ரோட்டில் இறக்கிவிட்டான். பற்றைக்குள்ளால் ஒற்றையடிப் பாதை. முடிவில் கறுப்பு மணல். ஈ காக்காய் இல்லை. குளிக்கக் கூடாது என்று பிரெஞ்சில் ஒரு பலகை மட்டும் சரிந்து கிடந்தது. அலைகள் விடாமல் வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"ஓம்" என்றார் அவர்.

நான் கூப்பிடவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்.

"ஓம் தம்பி, வாறன்." சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

ஐயோ மாதாவே! ஓடிப்போய் அவர் பெல்ட்டைப் பிடித்தேன். ஒரு அலை வந்து இரண்டு பேரையும் புரட்டியது. "விடும் யோசெப்பின், தம்பி கூப்பிடுறான்" என்று என் கையைப் பிய்த்தார். எப்படி இழுத்துக் கரை சேர்த்தேனோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

மணலில் கிடந்தபடி அன்றுதான் வாய் திறந்தார். அவருக்கு ஒரே ஒரு தம்பி, கிறிஸ்தோப்பர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இரண்டு பேரும் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியிருக்கிறார்கள். கடலில் தம்பி துலைந்தான் என்று மட்டும்தான் எனக்கு அதுவரை தெரியும்.

"கும்மிருட்டு. அவன் பக்கத்தில படுத்திருக்கிறான் எண்டு நினைச்சன். கடலுக்குள்ள இருந்து 'அண்ணை' எண்டு ஒரு குரல். ஒருக்காத்தான். செத்த ஆக்களாக்கும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். விடியத்தான் பாத்தன், அவனைக் காணேல்லை."

நான் அவரை எழுப்பி, கையை விடாமல் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மொன்றியலுக்கு வந்தும் அந்தக் குரல் அவரை விடவில்லை. குழாயைத் திறந்தால் "ஓம்" என்பார். பஸ்ஸுக்கு நிற்கும்போது "ஓம்." கோவிலில் எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது "ஓம்." செபமாலை சொல்லச் சொன்னார் பாதர். சொன்னேன், நடுவில் "ஓம் தம்பி" என்றார். பிறகு சப்பாத்து ஈரமாக வாசலில் கிடக்கத் தொடங்கியது. ஆற்றங்கரைக்குப் போய் வருகிறார். சப்பாத்தை ஒளித்தேன், பின்கதவைப் பூட்டித் திறப்பை என் சட்டைக்குள் வைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மனுசனும் போனால் எனக்கு ஆர்?

சித்திரையில் ஆற்று ஐஸ் உடைந்தது. அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் நான் கரைக்குப் போனேன். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் கூட இருந்தது.

"டேய் கிறிஸ்தோப்பர்! கொண்ணையை விடடா! அந்தாள் வேணுமெண்டு செய்யேல்லை. உனக்குக் குளிருதெண்டா நீ இஞ்ச வா. வீட்டில சோறு கிடக்கு, உடுப்புக் கிடக்கு. நீ வா. அவரை அங்க கூப்பிடாத!"

நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் "பொன்ஜூர்" என்றுவிட்டு வேகமாக நடந்தார். ஆற்றில் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போயின. வேறு ஒரு சத்தமும் இல்லை. கெட்ட வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, பின்கதவைப் பூட்டி, சோறு போட்டேன்.

"இஞ்சாருங்கோ, சாப்பிட வாங்கோ."

சத்தம் இல்லை.

"இஞ்சாருங்கோ!"

இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூன்றாம் தரம் கூப்பிட்டேன்.

"ஓம், வாறன்."

கடவுளே! என் பழைய செவிட்டு மனுசன். சுவரில் சாய்ந்து அழுதேன். அவர் வந்து கதிரையில் இருந்து, ஒன்றும் நடக்காதது போல, "மீன் குழம்போ?" என்றார்.

என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்கதவுப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"அண்ணி."

உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. மனுசன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தரம் வரைக்கும் பொறுக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் கடலில் ஒரு தரம் கூப்பிடத்தானே மூச்சு இருந்தது.

"ஓம் தம்பி" என்று சொல்லிக்கொண்டு திறப்பை எடுத்தேன்.